கை நனைக்காத வீடு

வெயில் உச்சிக்கு ஏறியபோது ஜெயரூபன் அச்சை உதறி வைத்துவிட்டுத் தொட்டித் தண்ணீரில் கைகளைக் கழுவினான். காலையிலிருந்து அவன் அரிந்த சீமெந்துக் கற்கள் வளவு முழுக்க வரிசையாகக் கிடந்தன. முன்னால் இருந்தவை வெளிறிவிட்டன. பின்னால் இருந்தவற்றில் இன்னும் ஈரம் காயவில்லை. கல்லுத்தூளும் சீமெந்தும் நகக்கண்ணுக்குள் போய் உறைந்துவிட்டால் எந்தச் சவர்க்காரத்துக்கும் அசையாது. இருந்தாலும் இந்த நேரத்தில் மட்டும் அவன் கைகளைக் கூடுதலாகத் தேய்ப்பான். அடுத்து அவன் செய்யவேண்டியது சோற்று வேலை.

மாமர நிழலில் மனைவி கஜந்தினி கட்டிக்கொடுத்த சாப்பாட்டுக் கரியர் இருந்தது. பக்கத்தில் சோறு கட்டும் பொலித்தீன் தாளான லன்ச் சீற் ஒன்றை விரித்துச் சோற்றை நடுவில் குவித்தான். சுற்றிவரப் பருப்பு, கத்தரிக்காய்ப் பால்கறி, முருங்கையிலை வறை, ஓரத்தில் ஒரு துண்டுப் பாரை மீன், மேலே பப்படம். பப்படத்தை உள்ளங்கையால் அமர்த்தி நொறுக்கினான். கடைப் பார்சலில் பப்படம் முழுசாக வந்ததாகச் சரித்திரம் இல்லை. குழம்பைச் சின்னப் பொலித்தீன் பையில் ஊற்றி முடிச்சுப் போட்டான். எல்லாவற்றையும் மடித்து, பழைய பேப்பரில் சுற்றி, இறப்பர் வளையம் போட்டு, மானிப்பாய்ச் சந்தியில் இருக்கும் ஒரு சாப்பாட்டுக் கடையின் பெயர் அச்சடித்த பைக்குள் வைத்தான். அந்தக் கடைக்காரரிடம் கெஞ்சிக் கேட்டு இந்தப் பைகளில் ஒரு கட்டு வாங்கி வைத்திருந்தான்.

வளவுச் சொந்தக்காரர் செபநாயகம் சீமெந்துப் பையில் குந்தியிருந்து இதைப் பார்த்துக்கொண்டிருந்தார். தினமும் பார்ப்பதுதான், தினமும் சிரிப்பார்.

"ஊரெல்லாம் கடைச் சோத்தை வீட்டுச் சோறெண்டு சொல்லி ஏமாத்துறாங்கள். வீட்டுச் சோத்தைக் கடைச் சோறெண்டு ஏமாத்துற ஆள் நீ ஒருத்தன்தான்ரா ரூபன்."

"என்ன செய்யிறதண்ணை. மனுசன் சாப்பிடோணுமே."

"சரி சரி, குடுத்துப்போட்டு நேரத்துக்கு வா. பின்னேரம் லொறி வருது."

அவன் சொன்ன மனுசன் அவனுடைய தகப்பன் தில்லைநாதன். வெங்காயமும் புகையிலையும் பயிர் செய்து இரண்டு பிள்ளைகளை வளர்த்தவர். மனைவி நாகேஸ்வரி கண்ணை மூடிய பிறகு மானிப்பாயில் தனியாக இருந்தார். இருந்த வீடும் அவருடையது அல்ல, மகள் உதயகலாவுக்குச் சீதனமாக எழுதிக் கொடுத்தது. உதயகலா கலியாணம் முடித்த கையோடு கனடாவுக்குப் போய்விட்டாள். ஜெயரூபன், இந்தப் பக்கத்து ஆண்பிள்ளைகளைப் போல, மனைவிக்குச் சீதனமாக வந்த வீட்டில், சண்டிலிப்பாயில், மாமியார் இரத்தினம்மாவோடு இருந்தான். ஊர் முறைப்படி பெற்றவரைப் பார்க்க வேண்டியது வீட்டை வாங்கிய மகள். வீடு மானிப்பாயில், மகள் கனடாவில். இரண்டுக்கும் நடுவில் ஒரு சைக்கிளோடு நின்றவன் ஜெயரூபன்தான்.

போன வருடம் தில்லைநாதனுக்கு இடப்பக்கம் இழுத்துவிட்டது. ஆஸ்பத்திரியில் கிடந்து எழும்பி, தடி ஊன்றி நடக்கத் தொடங்கினாலும் இடது கை சொல்வழி கேட்கவில்லை. ஒற்றைக் கையால் கஞ்சி வடிக்கப் போய்க் காலில் ஊற்றிக்கொண்டார். அன்றிலிருந்து இரவில் ஜெயரூபன் அவரோடு வந்து படுத்தான். படுக்கலாம், குளிக்க வார்க்கலாம், உடுப்புத் தோய்க்கலாம். சமையல்தான் அவனுக்கு வராது.

"அப்பா, சண்டிலிப்பாய்க்கு வாங்கோவன். ஒரு அறை சும்மாதானே கிடக்குது" என்று கேட்டுப் பார்த்தான்.

"அந்த வீட்டிலை நான் கை நனைக்க மாட்டன். உனக்குத் தெரியும்."

அவனுக்குத் தெரியும். அவனுடைய கலியாணப் பேச்சில் மாப்பிள்ளையைப் பெற்றவருக்கென்று டொனேசன் என்ற பெயரில் ரொக்கம் கேட்டு வாங்கியவர் தில்லைநாதன். அந்தக் காசு வந்த சூடு ஆறமுதல் உதயகலாவின் கலியாணத்துக்குப் போனது. ஊரில் எத்தனையோ தங்கச்சிமாரின் கலியாணம் தமையன்மாரின் டொனேசனில்தான் நடக்கிறது, அதில் அதிசயம் ஒன்றுமில்லை. ஆனால் காசு கொடுத்த அன்று இரத்தினம்மா, காணியில் ஒரு துண்டை ஈடு வைத்த எரிச்சலில், நாலு பேருக்கு முன்னால் ஒரு சொல்லுச் சொல்லிவிட்டாள். "பெடியனை விலைபேசி வித்திட்டார். இனி அவன் எங்கடை சாமான்." தில்லைநாதன் கலியாணத்தன்று சம்பந்தி வீட்டில் இலையில் உட்காரவில்லை, கொடுத்த சோடாவையும் தொடவில்லை. பேத்தி பிறந்து முப்பத்தோராம் நாள் சடங்குக்குப் போனபோதும் பிள்ளையைத் தூக்கிக் கொஞ்சிவிட்டுத் தண்ணீர்கூடக் குடிக்காமல் வந்தார்.

கஜந்தினி மானிப்பாய்க்கே வந்து சமைத்துக் கொடுத்துப் பார்த்தாள். அவளுக்கு ஒரு மிளகாய்த்தூள் மில்லில் பொதி கட்டும் வேலை. அதற்கு முதல் வந்துவிட்டு ஓடுவாள். "இருக்கட்டும் பிள்ளை, நேரம் போகுது, நீ வேலைக்குப் போ" என்று தில்லைநாதன் தன்மையாகச் சொல்லுவார். அவள் படலையைத் தாண்டியதும் சோற்றைக் காகத்துக்கு வைத்துவிட்டுப் பேக்கரிப் பாணைக் கடிப்பார். பிறகு ஜெயரூபன் உண்மையாகவே கடைப் பார்சல் வாங்கிக் கொடுத்தான். அதைப் பேச்சில்லாமல் சாப்பிட்டார்.

"காசு குடுத்து வாங்கிற சோத்துக்கு ஆருக்கும் நன்றி சொல்லத் தேவையில்லை" என்றார்.

கொஞ்ச நாளில் பிறசர் ஏறிவிட்டது. கிளினிக்கில் டொக்டர் ஏசினது ஜெயரூபனைத்தான். இந்த உப்பும் எண்ணெயும் இப்படியே போனால் அடுத்தது மற்றப் பக்கம் இழுக்கும் என்றார். அன்றைக்கு யோசனை சொன்னவள் கஜந்தினி.

"நான் உப்புக் குறைச்சுச் சமைச்சுத் தாறன். நீங்கள் கடைப் பையிலை போட்டுக் குடுங்கோ. அவருக்கு எங்கை தெரியப்போகுது."

அப்படித்தான் அந்த விளையாட்டுத் தொடங்கியது.

அன்றும் பார்சலோடு வந்த ஜெயரூபன் சைக்கிளைச் சாத்திவிட்டு உள்ளே போனபோது தில்லைநாதன் மேசைக்கு முன்னால் கதிரையில் தயாராக இருந்தார். அவருக்கு நேர் எதிரே, சுவர் மூலையில், உதயகலா ஆள் பிடித்துப் பூட்டுவித்த கமரா இருந்தது. அவள் அங்கே ஒரு பாண் தொழிற்சாலையில் இரவு வேலை செய்தாள். இங்கே மத்தியானம் என்றால் அவளுக்கு வேலைக்கு நடுவில் ஓய்வு நேரம். தேத்தண்ணிக் கோப்பையோடு ஒரு மூலையில் இருந்து போனைத் திறந்து தகப்பன் சாப்பிடுவதைப் பார்ப்பாள். கமராவுக்குப் பேசவும் வாய் இருந்தது. "அப்பா, மருந்து போட்டிட்டியளோ?" என்று சுவரிலிருந்து முதன்முதல் குரல் வந்தபோது தில்லைநாதன் தடியை ஓங்கிக்கொண்டு எழும்பிவிட்டார். இப்போது பழகிவிட்டது. சுவரைப் பார்த்து "ஓம் பிள்ளை" என்பார்.

கிணற்றடியில் கமரா இல்லை. விடியக்காலையில் மகன் தகப்பனைக் கல்லில் இருத்தி முதுகு தேய்த்து வார்ப்பதும், மரத்துப்போன கையைத் தூக்கிக் கமக்கட்டுத் துடைப்பதும், சாரம் மாற்றிவிடுவதும் அதற்குள் அகப்படவில்லை. அகப்பட்டது இந்தக் கடைப் பை.

தில்லைநாதன் குழம்பைச் சோற்றில் விட்டுப் பிசைந்தார். முதல் வாய் வைத்ததும் தலையை ஆட்டினார்.

"உந்தக் கடைக்காறன் திருந்தீட்டான் ரூபன். முந்தி உப்பை அள்ளிக் கொட்டுவான். இப்ப அளவு. கத்தரிக்காயைப் பார், பிஞ்சாய்ப் பாத்து வாங்கியிருக்கிறான். ஆர் சமைக்கிறது?"

"ஒரு மனுசியாம் அப்பா."

"நல்ல கைப்பக்குவம். கொம்மாவின்ரை கறி மாதிரித்தான், உறைப்புக் கொஞ்சம் குறைவு. நான் சொன்னனெண்டு சொல்லு."

"சொல்லுறன்."

பின்னேரம் வீட்டுக்குப் போய் ஒரு சொல் பிசகாமல் சொன்னான். கஜந்தினி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். குசினிக்குள் நின்ற இரத்தினம்மா சிரிக்கவில்லை. ஆனால் காது இங்கேதான் இருந்தது. "மரவள்ளிக்கிழங்குக் கறி எண்டால் அந்த மனுசனுக்குப் பிடிக்கும். நாகேஸ்வரி சொன்னவ" என்றாள். அடுத்த நாள் சந்தையெல்லாம் அலைந்து நல்ல கிழங்கு வாங்கி வந்தாள். வெள்ளிக்கிழமையில் மீன் இல்லாமல், கிளினிக் நாளில் கஞ்சி சேர்த்து, அவளே யோசித்து யோசித்துப் பார்சலுக்கு மெனு போட்டாள். ஜெயரூபனுக்குக் கலியாணம் முடித்த நாளிலிருந்து இல்லாத ஒரு நிம்மதி வந்தது. அந்த நாலு மாசமும் இரண்டு வீடும் ஒன்றாகத்தான் இருந்தன, ஒரு வீட்டுக்கு அது தெரியாது என்பதைத் தவிர.

ஆனி மாதம் ஒரு செத்தவீட்டில் கஜந்தினியைத் தூரத்துச் சித்தி ஒருத்தி பிடித்துக்கொண்டாள். பெண்கள் கூடியிருந்த இடம்.

"மாமாவுக்குக் கடைச் சாப்பாடுதானாமே பிள்ளை? உதயா போனிலை சொல்லிச் சொல்லி அழுகிறாள். கடைப் பையைக் கமராவிலை எந்த நாளும் பாக்கிறாளாம். ஒரு பிடி அரிசி கூடப் போட உனக்கு நேரமில்லையோ?"

கஜந்தினி இதைப் புருசனிடம் சொன்னது இரண்டு நாள் கழித்து. விடியப்புறம் எழும்பித் தேங்காய் துருவிக்கொண்டிருந்தவள், மானிப்பாயிலிருந்து கரியரை எடுக்க வந்தவனைப் பார்த்ததும் துருவலை நிற்பாட்டினாள்.

"நீ என்ன சொன்னனீ?" என்று கேட்டான்.

"என்னத்தைச் சொல்ல. நேரமில்லை சித்தி எண்டன்." அவள் பாதித் தேங்காயைக் கையில் வைத்துக்கொண்டு அழுதாள். "நான்தான் சமைக்கிறன், நான்தான் மறைக்கிறன், பேரும் எனக்குத்தான் கெடுது. நானே சொல்லித் தொடங்கினது எண்டபடியாலை ஆரோடை கோபிக்கிறது எண்டும் தெரியேல்லை."

இரத்தினம்மா கொடியிலிருந்து வெளியில் கட்டும் சீலையை எடுத்துக்கொண்டு வந்தாள்.

"தம்பி, நான் ஒருக்காப் போய்க் கதைச்சிட்டு வாறன். அண்டைக்கு நான் சொன்னது பிழைதான். காணி போன எரிச்சல். அவருக்கும் வயசு போட்டுது, எனக்கும் போட்டுது. நேரை நிண்டு சொல்லிப்போட்டு, வந்து சாப்பிடுங்கோ சம்மந்தி எண்டு கேக்கிறன்."

ஜெயரூபனுக்குப் பயம் வந்தது. தகப்பன் சாப்பிடுகிறார், பிறசர் இறங்கியிருக்கிறது, அவனும் நேரத்துக்கு வேலைக்குப் போகிறான்.

"வேண்டாம் மாமி. இப்ப ஒழுங்காய்ப் போகுது. கிளறப் போனால் இதுவும் கெட்டுப்போகும்."

"உங்கடை விருப்பம்" என்று அவள் சீலையைத் திரும்பவும் கொடியில் போட்டாள்.

பின்னாளில் கல்லரியும்போதும் சைக்கிள் மிதிக்கும்போதும் ஜெயரூபன் நினைத்து நினைத்து நொந்துகொண்டது இந்த இடத்தைத்தான். அவள் ஒரு சீலையை மாற்றிக்கொண்டு வரும் நேரம் பொறுத்திருந்தால் போதுமாயிருந்திருக்கும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை உதயகலா போன் எடுத்தாள். வேலை முடித்த களைப்புக் குரலில் தெரிந்தது.

"அண்ணை, நான் ஒரு முதியோர் இல்லம் பாத்து வைச்சிருக்கிறன். நேரத்துக்குச் சாப்பாடு, பாக்கிறதுக்கு ஆக்கள், எல்லாம் இருக்கு. மாதாமாதம் நான் கட்டுறன்."

"நான் உயிரோடை இருக்கேக்கை அப்பாவைக் கொண்டுபோய் இல்லத்திலை விடுறதோ?"

"இருந்து என்ன அண்ணை செய்யிறியள்? நான் பாக்கிறன்தானே, ஒவ்வொரு நாளும் கடைப் பை. உப்புக் கூடாதெண்டு டொக்டர் சொன்னவர். மச்சாளாலை ஒரு நேரம் சமைக்கேலாதோ? அப்பாக்கு ஏதுமெண்டால் ஊர் என்னைத்தான் கேக்கும். வீட்டை வாங்கிக்கொண்டு போனவள் எண்டு கேக்கும். எனக்கு இஞ்சை நித்திரை இல்லை."

ஜெயரூபன் பொறுத்துப் பார்த்தான். பக்கத்தில் கஜந்தினி உடுப்பு மடித்துக்கொண்டிருந்தாள். போனிலிருந்து வந்த ஒவ்வொரு சொல்லும் அவளுக்குக் கேட்டது. அவள் நிமிராமல் மடித்தாள். அதற்கு மேல் அவனால் முடியவில்லை. எல்லாவற்றையும் சொன்னான்.

அந்தப் பக்கத்தில் உதயகலா அழத் தொடங்கினாள்.

"ஏன் அண்ணை முதலே சொல்லேல்லை? மச்சாளைப் பற்றி நான் எத்தினை பேரிட்டைக் கதைச்சுப்போட்டன்."

"அப்பாக்குத் தெரியக்கூடாது உதயா. தெரிஞ்சால் வாய் வைக்க மாட்டார்."

"ஐயோ, நான் சொல்லமாட்டன். சத்தியமாய்ச் சொல்லமாட்டன்."

அவள் பொய் சொல்லவில்லை. சொல்லக்கூடாதென்றுதான் இருந்தாள்.

அந்தக் கிழமை நடுவில் ஒரு மத்தியானம். பார்சலில் மரவள்ளிக்கிழங்குக் கறி. தில்லைநாதன் அனுபவித்துச் சாப்பிட்டார். விரலை வழித்துவிட்டு, மகனைப் பார்த்து, "ரூபன், அந்தக் கடைக்கார மனுசிக்கு ஒரு சீலை வாங்கிக் குடுக்கோணும்டா. என்ரை கணக்கிலை. கூலிக்குச் சமைக்கிற சமையல் இல்லை இது, மனம் வைச்சுச் சமைக்கிறா" என்றார்.

சுவரிலிருந்து விம்மல் கேட்டது.

"அப்பா, அது கடைக்கார மனுசி இல்லையப்பா. மச்சாள். எல்லாம் மச்சாளும் மாமியும் சமைச்சது. சீலையை மச்சாளுக்குக் குடுங்கோ அப்பா..."

"உதயா!" என்று ஜெயரூபன் கமராவைப் பார்த்துக் கத்தினான். பூட்டிய கமராவுக்குக் கத்தி என்ன பிரயோசனம், சொல் விழுந்துவிட்டது.

தில்லைநாதனின் கையில் அடுத்த கவளம் உருட்டியபடி இருந்தது. அதைச் சோற்றுக் குவியலிலேயே வைத்தார். லன்ச் சீற்றின் நாலு பக்கத்தையும் ஒற்றைக் கையால் மெல்ல மடித்தார்.

"கை கழுவத் தண்ணி தா."

கழுவினார். துடைக்காமல் கையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தார்.

"எவ்வளவு நாளாய்?"

"நாலு மாசம் அப்பா."

"சம்மந்திக்கும் தெரியும்."

"ஓம்."

"சிரிச்சிருப்பா."

"இல்லையப்பா. உங்களுக்கு விருப்பமெண்டு கிழங்கு தேடிச் சந்தையெல்லாம் திரிஞ்சவ."

தில்லைநாதன் கதிரையைத் திருப்பிப்போடச் சொல்லி, கமராவுக்கு முதுகு காட்டி இருந்தார். சுவர் "அப்பா, அப்பா" என்று இரண்டு மூன்று தரம் கூப்பிட்டது.

அதற்குப் பிறகு மகன் கொண்டுவந்த சோற்றை அவர் தொடவில்லை. கஜந்தினியின் சோற்றை மட்டும் அல்ல. ஜெயரூபன் உண்மையாகவே கடையில் போய் வாங்கி, ரசீதும் காட்டினான். "ஆர் கண்டது" என்று பார்சலைத் தள்ளிவிட்டார். கடையில் சுற்றிக் கட்டிய பாண், வாழைப்பழம், பெட்டி உடைக்காத பிஸ்கட், இவ்வளவும்தான் உள்ளே போயின. உடம்பு இறங்கத் தொடங்கியது. கிணற்றடியில் முதுகு தேய்க்கும்போது எலும்பு விரலுக்குத் தட்டுப்பட்டது.

வேறு வழியில்லாமல் ஜெயரூபன் தகப்பனின் கண்ணுக்கு முன்னாலேயே அடுப்பு மூட்டினான். ஒரு நாள் சோறு களியாகும், ஒரு நாள் நொறுங்கும். அதைத் தில்லைநாதன் கொஞ்சம் சாப்பிட்டார். ஆனால் ஆக்கி, கொடுத்து, கழுவி முடிய மத்தியானம் தாண்டிவிடும். அரைநாள் கூலி போச்சு. பிறகு செபநாயகத்தின் பொறுமையும் போச்சு. அவர் கெட்ட மனுசன் இல்லை. நாலைந்து கிழமை பார்த்துவிட்டுத்தான் வேறொரு பெடியனைப் பிடித்தார்.

"கோவிக்காதை ரூபன். கலவை போட்டால் காத்துக்கொண்டு நிக்காது. வேலை கூடினால் உன்னைத்தான் முதல் கூப்பிடுவன்."

வேலை போனதை அவன் வீட்டில் சொன்னான், தகப்பனிடம் சொல்லவில்லை. ஆனால் முழங்கை வரை சீமெந்து இல்லாமல் வரும் மகனை அவர் எத்தனை நாள் பார்க்காமல் இருப்பார்.

"ஏன் வேலைக்குப் போகேல்லை?"

"இண்டைக்கு லீவு அப்பா."

"உனக்கு இப்ப வாய் திறந்தால் பொய்தான் வருது" என்றார்.

இரத்தினம்மா ஒருவரையும் கேட்காமல் வந்தது அடுத்த நாள். பஸ்ஸால் இறங்கி வந்த களைப்போடு படலைக்கு வெளியே நின்றாள். தில்லைநாதன் தடியை ஊன்றிக்கொண்டு எழும்பினார்.

"வாங்கோ சம்மந்தி. ஏன் வெளியிலை நிக்கிறியள், உள்ளுக்கு வந்து இருங்கோ. ரூபன், தேத்தண்ணி போடு."

அவள் கதிரையின் நுனியில் இருந்தாள். கொடுத்த தேத்தண்ணியைக் குடித்தாள். அந்த வீட்டில் கை நனைக்க அவளுக்கு ஒரு தடையும் இல்லை.

"நான் அண்டைக்குச் சொன்ன சொல்லை மறந்திடுங்கோ. மன்னிச்சுக்கொள்ளுங்கோ."

"நீங்கள் சொன்னதிலை என்ன பிழை? நான் வித்தனான்தான்." தில்லைநாதன் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "இல்லாத ஒண்டைச் சொல்லியிருந்தியள் எண்டால் அடுத்த நாளே மறந்திருப்பன். மகளைக் கரைசேர்க்க மகனை வித்தன். வித்த இடத்திலை போய்க் குந்தியிருந்து எப்பிடிச் சாப்பிடுறது, சொல்லுங்கோ."

"வயசான காலத்திலை அதையெல்லாம் விடுங்கோ. வந்து சாப்பிடுங்கோ எண்டு கேக்கத்தான் வந்தனான். முதலே வர வெளிக்கிட்டனான்..." அவள் மருமகனைப் பார்த்தாள். மிச்சத்தைச் சொல்லாமல் விட்டாள்.

"முதலே வந்து கேட்டிருந்தால் வந்திருப்பன்." தில்லைநாதனின் குரல் இறங்கியிருந்தது. "நான் அதைத்தான் இவ்வளவு காலமும் பாத்துக்கொண்டிருந்தனான். கேட்டுத் தந்திருந்தால் சாப்பிட்டிருப்பன் சம்மந்தி. இது ஏமாத்தித் தந்த சோறாய்ப் போச்சு."

குசினி வாசலில் கேத்திலோடு நின்ற ஜெயரூபன் அப்படியே போய் அடுப்புக்கு முன்னால் இருந்துவிட்டான்.

அவள் போன பிறகு தில்லைநாதன் மகனைக் கூப்பிட்டார். கோபம் ஒன்றும் இருக்கவில்லை.

"உதயாவிட்டைச் சொல்லு, அவள் சொன்ன இடத்துக்குப் போறன். உன்ரை தொழிலும் கெட்டு, அந்தப் பிள்ளையின்ரை பேரும் கெட்டு, இது என்ன சீவியம். அங்கை எனக்கு ஆரும் சம்மந்தியில்லை. போடுறதைச் சாப்பிடலாம்."

"அப்பா, நான் பாக்கிறன். இன்னும் கொஞ்சம் சமைக்கப் பழகீடுவன்."

"நீ பாத்தனீ ரூபன். எனக்குத் தெரியும். ஆருக்குத் தெரியாட்டிலும் என்ரை முதுகுக்குத் தெரியும்."

ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு போன அன்று ஒழுங்கையில் ஆட்கள் நின்று பார்த்தார்கள். மகன் கொண்டுபோய் இல்லத்தில் தள்ளிவிட்டான், மகள்தான் பாவம் அங்கிருந்து காசு கட்டுகிறாள் என்று அன்றைக்கே கதை முடிந்தது. உதயகலா ஆட்களுக்குப் போன் எடுத்து உண்மையைச் சொல்லிப் பார்த்தாள். தமையனையும் விட்டுக்கொடுக்காமல் பேசுகிறாள், என்ன நல்ல பிள்ளை என்று அதற்கும் அவளுக்கே பேர் வந்தது. கஜந்தினி கொஞ்சக் காலம் செத்தவீடு, கலியாணவீடு ஒன்றுக்கும் போகவில்லை.

கார்த்திகை கழிந்து செபநாயகம் திரும்பக் கூப்பிட்டார். தை மாதம் நாகேஸ்வரியின் ஆண்டுத் திவசம் வந்தது. அன்றைய மதியச் சாப்பாட்டை உதயகலா இல்லத்துக்கு உபயம் செய்திருந்தாள். ஜெயரூபன் அரைநாள் லீவு கேட்டுக்கொண்டு, சீமெந்து உடுப்பை மாற்றிப் போனான்.

நீள மண்டபத்தில் இரண்டு வரிசையாக வாங்குகளும் மேசைகளும். தினமும் யாரோ ஒருவருடைய நாள். லண்டனில் பிறந்தநாள் கேக் வெட்டும் பிள்ளைக்காக ஒரு நாள், சுவிசில் கலியாண நாளுக்காக இன்னொரு நாள் என்று இந்த முதியவர்கள் முகம் தெரியாத ஆட்களுடைய விசேசங்களை எல்லாம் சாப்பிட்டு வாழ்த்திக்கொண்டிருந்தார்கள். இன்றைக்குச் சுவரில் நாகேஸ்வரியின் படம் போட்ட பனர். கீழே மகள் உதயகலாவின் பெயரும் கனடாவும் கொட்டை எழுத்தில் இருந்தன. பரிமாற ஆள் போதாமல் சாம்பார் வாளியை ஜெயரூபனின் கையில் கொடுத்தார்கள். ஊற்றும்போது விரலில் தெறித்ததை நாக்கில் வைத்துப் பார்த்தான். உப்புக் கரித்தது.

தில்லைநாதன் முன்வரிசையில் இருந்தார். முகம் கொஞ்சம் தெளிந்திருந்தது. மகன் சாம்பாரை ஊற்றியதும் குழைத்து, குனிந்து, நிறுத்தாமல் சாப்பிட்டார். பக்கத்தில் இருந்த கதிரவேலு என்ற கிழவர் கண்ணைச் சுருக்கிப் பனரைப் படித்தார்.

"கனடாவிலை மகளாம். தாயின்ரை நாளை மறக்காமல் செய்யிறாள். பிள்ளையெண்டால் உப்பிடி இருக்கோணும், என்ன?"

"ஓம்" என்றார் தில்லைநாதன்.

இல்லத்தில் வேலை செய்யும் பிரவீணன் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வந்தான். உபயகாரருக்கு உடனே படம் அனுப்புவது அவனுடைய பொறுப்பு. போனை அங்கும் இங்கும் சரித்துப் பார்த்துவிட்டுக் கையை அசைத்தான்.

"அண்ணை, வாளியோடை கொஞ்சம் விலத்தி நில்லுங்கோ. கனடா அக்காவின்ரை பேர் மறையுது."

ஜெயரூபன் ஒரு பக்கம் விலகினான்.

"இன்னும் கொஞ்சம் அங்காலை. ஆ, சரி. ஐயாமார், எல்லாரும் இஞ்சை பாருங்கோ."

சோற்றுக் கைகள் இலைகளில் நின்றன. தில்லைநாதன் நிமிர்ந்து போனைப் பார்த்தார். படம் எடுத்து முடியும்வரை ஜெயரூபன் வாளியோடு தூணுக்குப் பின்னால் நின்றான்.